எம்.எட். படிச்சா சம்பளம் ஏறுமா? நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல போட்ட ஒரு கணக்கு



சமீபத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்வேலி போயிருந்தேன். என்கூட காலேஜ்ல படிச்ச நண்பன் அங்கே வேலை பார்க்கிறான். டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ். நெய்வேலி போனவங்களுக்குத் தெரியும், ஆர்ச் கேட்டைத் தாண்டி உள்ளே போனா வேற ஊர் மாதிரி இருக்கும். நேர் நேரான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், வட்டம் ஒண்ணு, வட்டம் ரெண்டுன்னு நம்பர் போட்ட குடியிருப்புகள். வீட்டு வாசல்ல மாமரம், பின்னாடி முருங்கை. வெளியே வாடகை கொடுத்து இருக்கிற என்னை மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும்.

டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது நண்பனோட மனைவி கேட்டாங்க: "அண்ணா, உங்க வீடியோவுல வீட்டுக் கடன், கார் கடன் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுறீங்க. எனக்கு ஒரு கணக்குப் போட்டுத் தர்றீங்களா? நான் எம்.எட். சேரலாம்னு இருக்கேன்."

அவங்க பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடிச்சிருக்காங்க. ஒரு தனியார் பள்ளியில ஆறு வருஷமா கணக்கு டீச்சர். மாசம் 18,000 ரூபாய். வயசு 31. எல்.கே.ஜி. படிக்கிற பையன் ஒருத்தன்.

ஊர்ல இருந்து வந்திருந்த மாமனார் உடனே, "தாராளமா படிம்மா. எம்.எட். முடிச்சா ரெண்டு இன்க்ரிமென்ட் சேர்ந்து வரும். நான் அப்படித்தான் வாங்கினேன்"னு சொன்னார். அவர் அரசுப் பள்ளியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நண்பன் மட்டும் வாயே திறக்கல. அவன் மனசுல ஓடினது எனக்குத் தெரியும். கார் இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், பண்ருட்டி பக்கம் வாங்கின மனைக்கான கடன். இதுல ரெண்டு வருஷம் ஒரு சம்பளம் நின்னா?

மூணு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. அதனால ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். அன்னைக்குப் போட்ட கணக்கை இங்கே அப்படியே தர்றேன். நீங்க டீச்சரா இல்லைன்னாலும் பரவாயில்லை. வேலையை விட்டுட்டு மேல படிக்கலாமான்னு யோசிக்கிற யாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

முதல்ல, எம்.எட். என்றால் என்ன?

எம்.எட். என்பது கல்வியியல் முதுநிலைப் பட்டம். பி.எட். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கத்துக்கொடுக்கும். எம்.எட். அந்த ஆசிரியர்களுக்கே பாடம் நடத்த ஆட்களைத் தயார் செய்யும். கல்வி உளவியல், கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல், பாடத்திட்டம் வடிவமைப்பது, ஆராய்ச்சி முறை, புள்ளியியல், கடைசியில் ஓர் ஆய்வேடு. இதுதான் படிப்பு.

இதுக்கு விதி போடுறது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அவங்களோட 2014 விதிமுறைப்படி எம்.எட். இரண்டு வருஷம், நாலு செமஸ்டர். பி.எட்.ல குறைந்தது 50 சதவீதம் மதிப்பெண் வேணும். வருஷத்துக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீத வருகை, களப்பணிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். அதாவது இது முழுநேரப் படிப்பு. சனி ஞாயிறு மட்டும் போய்ட்டு வர்ற சமாச்சாரம் கிடையாது.

நெய்வேலியில இருக்கிறவங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய பல்கலைக்கழகம் சிதம்பரத்துல இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கினது, 2013-ல் தமிழக அரசு தன் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியா சுமார் 50 கிலோமீட்டர். மத்த கல்வியியல் கல்லூரிகள் பெரும்பாலும் 2008-ல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோட இணைப்புல இருக்கு.

மாமனார் சொன்னது பொய்யா?

இல்லை. அவர் காலத்துல அது நூத்துக்கு நூறு உண்மை.

தமிழக அரசு ஆசிரியர்கள் கூடுதல் தகுதி பெற்றா 'ஊக்க ஊதிய உயர்வு' கிடைச்சுது. ஒரு தகுதிக்கு இரண்டு இன்க்ரிமென்ட். ஒரு இன்க்ரிமென்ட் அடிப்படைச் சம்பளத்துல 3 சதவீதம்னா, ரெண்டும் சேர்ந்து 6 சதவீதம். இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ ஆசிரியர்கள் எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்.னு அடுத்தடுத்துப் படிச்சாங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு டீச்சர் இருந்தா கேட்டுப் பாருங்க.

இன்னைக்குக் கணக்குல பார்ப்போம். பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். அதுல 6 சதவீதம் 2,184 ரூபாய். வருஷத்துக்கு 26,208. 25 வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்குன்னு வெச்சுக்குங்க. அகவிலைப்படி சேர்க்காம, சம்பளம் ஏறவே இல்லைன்னு வெச்சுக்கிட்டாக்கூட 6,55,200 ரூபாய். உண்மையில இது இன்னும் அதிகம், ஏன்னா அடிப்படைச் சம்பளம் ஏறினா அதை ஒட்டி வர்ற படிகளும் ஏறும். இப்படி ஒரு லாபம் இருந்தா யாரா இருந்தாலும் படிக்கத்தான் செய்வாங்க.

ஆனா 2020 மார்ச் 10-ஆம் தேதி வந்த அரசாணை இந்த ஊக்க ஊதிய உயர்வை நிறுத்திடுச்சு. பிறகு 2021-ல், அதுக்குப் பதிலா ஒரே ஒரு முறை மட்டும் தர்ற ஊக்கத்தொகைன்னு அரசு அறிவிச்சது. முதுநிலைப் பட்டத்துக்கு 20,000 ரூபாய், பிஎச்.டி.க்கு 25,000 ரூபாய். அரசுப் பணியில இருக்கிறவங்க, உங்க பதவிக்கும் நீங்க படிக்கிற படிப்புக்கும் அது பொருந்துமான்னு அலுவலகத்துல அரசாணையை வெச்சே கேட்டுக்குங்க.

ஒரு பக்கம் ஆறரை லட்சம், இன்னொரு பக்கம் 20,000. படிப்பு அதேதான், பாடமும் அதேதான். அதுக்குப் பின்னாடி இருந்த பணக் கணக்கு மட்டும் ஒரே நாள்ல மாறிடுச்சு. ஆனா வீட்டுல கிடைக்கிற அறிவுரை மட்டும் இன்னும் பழைய கணக்குலயே இருக்கு.

இதை நான் சொன்னதும் மாமனார் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நான் சொல்றதை வெச்சு முடிவு பண்ணாதம்மா"ன்னார். பெரியவங்க எல்லாரும் இவ்வளவு சுலபமா ஒத்துக்க மாட்டாங்க. அவர் ஒத்துக்கிட்டார்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. அந்த ஊக்க உயர்வு அரசு ஆசிரியர்களுக்கு. தங்கச்சி வேலை பார்க்கிறது தனியார் பள்ளியில. அங்கே எம்.எட். முடிச்சதுக்காகச் சம்பளம் ஏத்தணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. நிர்வாகம் கொடுத்தா உண்டு.

எம்.எட். எந்தக் கதவைத் திறக்கும்?

நான் அவங்ககிட்ட கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்த வேலைக்குப் போகணும்னு படிக்கிறீங்க?" ஒரு படிப்போட மதிப்பு, அதைக் கேக்குற வேலை அறிவிப்புலதான் இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பட்டதாரி ஆசிரியர் ஆகணுமா? இளநிலைப் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுக்கப்புறம் போட்டித் தேர்வு. எம்.எட். தேவையில்லை.

பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிற முதுநிலை ஆசிரியர்? பாடத்துல முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேணும். எம்.எட். தேவையில்லை. கேந்திரிய வித்யாலயா முதுநிலை ஆசிரியர் வேலைக்கும் இதே மாதிரிதான்.

வட்டாரக் கல்வி அலுவலர்? பட்டமும் பி.எட்.டும்தான் கேட்டாங்க.

இப்ப இன்னொரு பக்கம். பி.எட். கல்லூரியில பாடம் நடத்தணுமா? இங்கேதான் எம்.எட். வேணும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துல விரிவுரையாளர் ஆகணுமா? இங்கேயும் எம்.எட். வேணும். கடலூர் மாவட்டத்துக்கான அந்த நிறுவனம் வடலூர்ல இருக்கு. நெய்வேலிக்காரங்களுக்கு பக்கத்து ஊர். பல்கலைக்கழகத்துல கல்வியியல் துறைக்குப் போகணும், நெட் எழுதணும், பிஎச்.டி. பண்ணணும்னாலும் எம்.எட். வழி திறக்கும்.

சுருக்கமாச் சொன்னா, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த பி.எட். போதும். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தத்தான் எம்.எட். நீங்க போகணும்னு நினைக்கிற இடம் ரெண்டாவதா இல்லைன்னா, இந்தப் படிப்புக்குச் செலவு பண்றதுல அர்த்தம் குறைவு.

தங்கச்சி தெளிவாச் சொன்னாங்க: "அண்ணா, எங்க ஸ்கூலுக்கு வருஷா வருஷம் பி.எட். பிள்ளைங்க பயிற்சிக்கு வருவாங்க. என் கிளாஸ்லதான் விடுவாங்க. முதல் நாள் போர்டு பக்கம் திரும்பவே பயப்படுவாங்க. நாப்பது நாள்ல அவங்க மாறுறதைப் பார்க்கிறப்ப வர்ற சந்தோஷம், எனக்கு வேற எதுலயும் வரல. அந்த வேலைதான் வேணும்."

அப்ப இது சம்பளம் ஏத்துறதுக்கான படிப்பு இல்லை. வேலையை மாத்துறதுக்கான படிப்பு. கணக்கையும் அப்படித்தான் போடணும்.

பலர் கவனிக்காத ஒரு வரி

இங்கே ஒரு விஷயம் மாட்டுச்சு. அவங்ககிட்ட இருக்கிறது பி.எஸ்சி., பி.எட். எம்.எஸ்சி. இல்லை.

எம்.எட். சேர்றதுக்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை. பி.எட். போதும். அதனால பல பேர் நேரா சேர்ந்துடறாங்க. ஆனா பி.எட். கல்லூரியில பாடக் கற்பித்தல் முறை எடுக்கிற ஆசிரியருக்கு 2014 விதி என்ன கேக்குது தெரியுமா? அந்தப் பாடத்துல 55 சதவீதத்தோட முதுநிலைப் பட்டம், கூடவே 55 சதவீதத்தோட எம்.எட். ரெண்டும் வேணும்.

எம்.எஸ்சி. இல்லாம எம்.எட். முடிச்சு நின்னா, கணிதம் கற்பித்தல் பதவிக்கு விண்ணப்பமே போட முடியாது. மறுபடியும் ரெண்டு வருஷம் எம்.எஸ்சி. படிக்கணும். சேர்க்கைக்கு வேண்டிய தகுதி வேற, வேலைக்கு வேண்டிய தகுதி வேற. காலேஜ் விளம்பரத்துல முதலாவது மட்டும்தான் இருக்கும்.

அதே மாதிரி, எம்.எட். பாஸ் பண்ணினா மட்டும் போதாது. 55 சதவீதம் வேணும். 53 சதவீதத்துல முடிச்சவங்க கையில சர்டிபிகேட் இருக்கும், ஆனா அந்தக் கதவு திறக்காது.

இப்ப செலவுக் கணக்கு

காலேஜ் ஃபீஸ் எவ்வளவுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஃபீஸ் சின்னத் தொகை. பெரிய தொகை, நீங்க விட்டுட்டுப் போற சம்பளம். அவங்களோட நிலைமைக்கு நாங்க போட்ட கணக்கு இது. ஃபீஸும் பயணச் செலவும் உத்தேசம்தான். நீங்க உங்க காலேஜ் தொகையைப் போட்டுக்குங்க.

இழக்கிற சம்பளம்: மாசம் 18,000 வீதம் 24 மாசம். 4,32,000 ரூபாய்.

ஃபீஸ்: வருஷத்துக்கு 50,000 வீதம் 1,00,000 ரூபாய்.

பயணம்: நாளுக்கு 120 ரூபாய், 400 நாள். 48,000 ரூபாய். மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், சிதம்பரம் போற வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை.

புத்தகம், ஆய்வேடு, பிரின்ட் அவுட், தேர்வுக் கட்டணம்: 30,000 ரூபாய்.

மொத்தம் 6,10,000 ரூபாய். இதுல ஃபீஸ் ஆறுல ஒரு பங்குகூட முழுசா வரலை. பத்து ரூபாய் செலவுல ஏழு ரூபாய் இழந்த சம்பளம்.

பையனைப் பார்த்துக்க ஆள் வைக்கிறதை இதுல சேர்க்கல. மாமியார் வந்து இருப்பாங்கன்னு சொன்னாங்க. உங்க வீட்டுல அது இல்லைன்னா அந்தத் தொகையையும் சேருங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்ற அம்மாவுக்கு, ஷிஃப்ட் வேலை பார்க்கிற கணவருக்கு நடுவுல ஒரு குழந்தை இருக்கு. அது பணமா இல்லைன்னாலும் செலவுதான்.

வரவுப் பக்கம்: மூணு விதமா யோசிங்க

ஒண்ணு. எம்.எட். முடிச்சு ஒரு தனியார் பி.எட். கல்லூரியில 25,000 சம்பளம் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். இப்ப வாங்குறதைவிட 7,000 அதிகம். வருஷத்துக்கு 84,000. போட்ட 6,10,000 திரும்ப வர ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள பழைய பள்ளியிலயே சம்பளம் 20,000 ஆகியிருக்கும்னு வெச்சா, வித்தியாசம் 5,000தான். அப்ப பத்து வருஷம்.

ரெண்டு. நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப். கிடைக்குது. 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய். வருஷத்துக்கு 4,44,000. ஒன்றரை வருஷத்துக்குள்ள போட்ட பணம் திரும்பிடும், பிஎச்.டி.யும் நடக்கும். ஆனா இது போட்டித் தேர்வு. எல்லாருக்கும் கிடைக்காது. வயசு வரம்பும் இருக்கு. பொதுவா 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருஷத் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் நெட் எழுத வயசு வரம்பு இல்லை.

மூணு. ஆசிரியர் தேர்வு வாரியம் மூலமா அரசு விரிவுரையாளர் வேலை. கிடைச்சா போட்ட பணம் சீக்கிரமே வந்துடும். ஆனா அறிவிப்பு எப்ப வரும், எத்தனை இடம்னு யாராலயும் சொல்ல முடியாது. வராத அறிவிப்பை நம்பி வேலையை விடக் கூடாது.

நான் எப்பவும் சொல்றதுதான். முதல் கணக்கை வெச்சு முடிவெடுங்க. ரெண்டாவதும் மூணாவதும் வந்தா சந்தோஷம். ஷேர் மார்க்கெட்ல எல்லா பங்கும் ரெண்டு மடங்கு ஆகும்னு கணக்குப் போட்டு வீட்டுக் கடன் வாங்குவோமா? அதே மாதிரிதான் இதுவும்.

"வராமலே படிக்கலாம்" வலை

இந்த இடத்துல ஒருத்தர் வந்து உங்ககிட்ட சொல்வார்: "வேலையை விட வேண்டாம். காலேஜுக்கு வர வேண்டாம். அட்டெண்டன்ஸ் நாங்க பார்த்துக்கிறோம். பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும். கொஞ்சம் கூடுதலா கட்டணும், அவ்வளவுதான்."

வேண்டவே வேண்டாம். 80 சதவீத வருகை விதி இருக்கிற படிப்பு இது. நீங்க ஒரு பள்ளியில முழுநேரம் சம்பளம் வாங்கினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பதிவு எல்லாம் இருக்கும். அதே நாட்கள்ல வேற ஊர்ல வகுப்புல இருந்ததா வருகைப் பதிவும் இருக்கும். சர்டிபிகேட் சரிபார்ப்புல இந்த ரெண்டும் ஒண்ணா மேஜைக்கு வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், அந்த ஏஜென்ட் இல்லை. பணமும் போகும், அனுபவச் சான்றும் போகும்.

தொலைநிலையில எம்.எட்.னு யாராவது சொன்னாலும் கவனம். 2014 விதிமுறையில தொலைநிலை பி.எட். இருக்கு. ஆனா தொலைநிலை எம்.எட். அந்தப் பட்டியல்ல இல்லை. தொலைநிலையில கிடைக்கிறது எம்.ஏ. கல்வியியல். அது வேற பட்டம், எம்.எட். இல்லை. ஆனா அதுக்கும் ஒரு பயன் இருக்கு. 55 சதவீதத்தோட எம்.ஏ. கல்வியியலும், 55 சதவீதத்தோட பி.எட்.டும் இருந்தா, பி.எட். கல்லூரியில கல்வி அடிப்படைப் பாடங்கள் எடுக்கிற பதவிக்கு அந்த விதியிலயே இடம் இருக்கு. பாடக் கற்பித்தல் பதவிக்கு இல்லை. வேலையை விடவே முடியாதவங்க இந்த வழியையும் யோசிக்கலாம். விண்ணப்பிக்கப் போற இடத்துல இது ஏத்துக்கப்படுமான்னு முன்கூட்டியே எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

பணம் எங்கிருந்து?

முடிவு பண்ணிட்டீங்கன்னா, இந்த வரிசையில போங்க.

முதல்ல அவசர நிதி. ரெண்டு சம்பளம் ஒண்ணாகப் போகுது. அதனால ஆறு மாச வீட்டுச் செலவையும் இ.எம்.ஐ.யையும் சேர்த்து வங்கியில தனியா எடுத்து வைங்க. அது இல்லாம சேராதீங்க.

ரெண்டாவது டேர்ம் இன்ஷூரன்ஸ். வீட்டுல ஒரே சம்பளக்காரர்தான்னா, அவருக்குப் போதுமான கவர் இருக்கணும்.

மூணாவது, சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஒத்திகை. இப்பவே மனைவி சம்பளத்தைத் தொடாம, கணவர் சம்பளத்துல மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்க. முடிஞ்சா ரெண்டு நன்மை. குடும்பம் தாங்கும்னு தெரிஞ்சிடும், 2,16,000 ரூபாயும் சேர்ந்திடும். ரெண்டு வருஷ ஃபீஸ், பயணம், புத்தகம் எல்லாம் சேர்த்து 1,78,000தான். கடனே வேண்டாம்.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா, தனிநபர் கடனுக்குப் போகாம கல்விக் கடன் கேளுங்க. வங்கிகளோட மாதிரித் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் நம்ம கையிலிருந்து பங்குத் தொகை போட வேண்டாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை ஆரம்பிக்காது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும், மறந்துடாதீங்க. ஒன்றரை லட்சம், 10 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை சுமார் 3,190 ரூபாய்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டேன்னு கேப்பீங்க. அது பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான், அதுவும் எட்டு வருஷம் வரைக்கும். புதிய முறையில இருந்தா கிடையாது. வரிச் சலுகைக்காகக் கடன் வாங்காதீங்க.

அன்னைக்கு என்ன முடிவு?

நோட்டுல ரெண்டு வழி எழுதினோம்.

முதல் வழி: இப்பவே வேலையை விட்டு எம்.எட். 33 வயசுல முடியும். ஜே.ஆர்.எஃப். எழுத ரெண்டு வருஷம் கையில இருக்கும். ஆனா எம்.எஸ்சி. இல்லாததால பாடக் கற்பித்தல் பதவி கிடையாது.

ரெண்டாவது வழி: வேலையில இருந்துக்கிட்டே தொலைநிலையில எம்.எஸ்சி. கணிதம். சம்பளம் நிக்காது. யு.ஜி.சி. அனுமதிச்ச பட்டியல்ல அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு சேரணும். முடிச்சா முதுநிலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். அதோட தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். அதுக்கப்புறம் எம்.எட். ஆனா எம்.எட். முடியும்போது வயசு 35 ஆகிடும். ஜே.ஆர்.எஃப்.க்குக் கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம்னாலும், ஒண்ணு ரெண்டு வாய்ப்புதான் மிஞ்சும்.

ரெண்டாவது வழிக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2025 பிப்ரவரியில வெளியிட்ட புதிய வரைவு விதிமுறையில ஓராண்டு எம்.எட். என்ற யோசனை இருக்கு. அது நடைமுறைக்கு வந்தா இழக்கிற சம்பளம் பாதியாகிடும். மொத்தச் செலவு ஆறு லட்சத்துல இருந்து சுமார் மூணு லட்சத்துக்கு இறங்கும். வரைவை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஆனா எப்படியும் எம்.எஸ்சி. படிக்க வேண்டியிருக்கிறவங்க, அந்த ரெண்டு வருஷத்துல விதி எப்படி மாறுதுன்னு பார்த்துக்கிட்டே படிக்கலாம். நீங்க இதைப் படிக்கிற நேரத்துல என்ன விதி நடைமுறையில இருக்குன்னு பார்த்துட்டு விண்ணப்பிங்க.

தங்கச்சி ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "அப்ப நான் நினைச்ச இடத்துக்குப் போக நாலு வருஷம் ஆகும்"னாங்க. குரல்ல வருத்தம் இருந்தது. அதை நான் மழுப்பல. ஆமா, நாலு வருஷம்தான்.

அதுவரைக்கும் பேசாம இருந்த நண்பன்தான் சொன்னான்: "நாலு வருஷம் எப்படியும் போகத்தானே போகுது. இந்த மாசத்துல இருந்தே உன் சம்பளத்தைத் தனி அக்கவுண்ட்ல போடு. வீட்டை நான் பார்த்துக்கிறேன். நீ வேலையை விடுற அன்னைக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

மாமனார் உடனே, "எம்.எஸ்சி. ஃபீஸ் நான் கட்டுறேன். தப்பான கணக்கு சொன்னதுக்கு ஃபைன்"னார். எல்லாரும் சிரிச்சோம்.

எம்.எட். நல்ல படிப்பு. நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் போற ஆசிரியர்களை உருவாக்குறவங்க நல்லா படிச்சவங்களா இருக்கணும்னு நான் மனசார நினைக்கிறேன். எம்.எட்.டோ எம்.பி.ஏ.வோ, வேலையை விட்டுட்டுப் படிக்கப் போறதுக்கு முன்னாடி மூணே கேள்வி. நீங்க போக நினைக்கிற வேலையோட அறிவிப்புல இந்தப் பட்டம் இருக்கா? அதுகூட வேற என்ன கேக்குறாங்க? இழக்கிற சம்பளத்தையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? மூணுக்கும் பதில் கையில இருந்தா தைரியமா சேருங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு படிப்புக் கணக்கு ஓடிக்கிட்டு இருந்தா, சம்பளம், ஃபீஸ், குறிவைக்கிற வேலை மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சிலதை எடுத்து, இதே மாதிரி போர்டுல போட்டுப் பார்ப்போம்.